டர்பன்ல கோல்ஃப் டோர்னமெண்ட்டுக்கு மொத தடவ கேமராவோட போறீங்களா? இத படிச்சுட்டு போங்க

நம்ம டர்பன் பக்கம் கேமரா வச்சிருக்குற பசங்களுக்கு பஞ்சமே இல்ல. சாட்ஸ்வொர்த் கோயில் காவடி, மெரேபேங்க் கல்யாணம், கிங்ஸ்மீட் கிரிக்கெட்னு எல்லாம் எடுத்து தள்றாங்க, ஆனா கோல்ஃப்னா மட்டும் "அது பெரிய எடத்து ஆட்டம், நமக்கெதுக்கு"ன்னு ஒதுங்கிருவாங்க. 2025 மார்ச்ல டர்பன் கன்ட்ரி க்ளப்ல நம்ம இந்திய வம்சாவளி பையன் டிலன் நாயுடு, ஸ்கோர் சமமா வந்து ப்ளேஆஃப்ல (அதாவது கூடுதல் ஹோல் ஆடி) இங்கிலாந்துக்காரரு லாரி கேன்டர தோக்கடிச்சு தென்னாப்பிரிக்க ஓப்பன ஜெயிச்சதுக்கு அப்புறம் தான் கொஞ்ச பேரு "அண்ணே இத எப்டி எடுக்குறது, என்ன லென்ஸ் வேணும்"னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி முடியல, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். கோல்ஃப் படம்னா கிளப்ப (பந்த அடிக்கற மட்டைய) சுத்துற படம்னு நெனச்சுட்டு போவாதீங்க. சுத்துற படம் எல்லாரு கிட்டயும் இருக்கும், பத்து ஆளுக்கு பத்து படமும் ஒரே மாதிரி தான் இருக்கும். பந்து போனதுக்கு அப்புறம் அந்த ஆளு மூஞ்சில என்ன நடக்குதுங்கறது தான் படம். மீதி நான் சொல்றது எல்லாமே அந்த மூஞ்சிக்கு நேரா சரியான எடத்துல, சத்தம் போடாம போய் நிக்கறதுக்கான வழி.

மொதல்ல பாஸ்

உள்ள போறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு மீடியா அக்ரெடிடேஷன், அதாவது கூட்டத்த தடுக்க கட்டிருக்குற கயித்துக்கு உள்ள நடக்கலாம், கையில கட்ற பேண்டோ, சட்டை மேல போட்டுக்கற பிப்போ (கையில்லாத மேல்துணி) குடுப்பாங்க. இதுக்கு போட்டிக்கு பல வாரம் முன்னாடியே டூரோட, அதாவது போட்டிய நடத்துறவங்களோட, மீடியா ஆபீஸுக்கு அப்ளை பண்ணணும், ஏதாவது ஒரு பத்திரிகையோ வெப்சைட்டோ ஏஜென்சியோ உங்களுக்காக லெட்டர் குடுக்கணும், பழைய ஸ்போர்ட்ஸ் படம் காட்டணும். "எனக்கு இன்ஸ்டால ஃபாலோயர்ஸ் இருக்காங்க"ன்னு சொன்னா மட்டும் வேலைக்கு ஆவாது. நம்ம கம்யூனிட்டி பேப்பர் ஏதாவது ஒண்ண புடிச்சு, "நான் சும்மாவே எடுத்து தரேன், லெட்டர் மட்டும் குடுங்க"ன்னு கேட்டா ஒத்துக்குவாங்க, அவங்களுக்கும் ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்கு படம் வேணும்ல.

ரெண்டாவது வழி சாதாரண டிக்கெட். இதுல தான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. பெரிய டோர்னமெண்ட்ல பாக்க வர்றவங்க போட்டி நாள்ல கேமரா கொண்டு வரக்கூடாதுன்னு விதி இருக்கும், ப்ராக்டிஸ் நாளுக்கும் ப்ரோ-ஆம் நாளுக்கும் (ப்ரோ ப்ளேயருங்களும் சாதாரண ஆளுங்களும் சேந்து ஆடறது) மட்டும் விடுவாங்க. டிக்கெட் கண்டிஷன்ஸ பொடி எழுத்துன்னு விட்டுறாம ஒரு தடவ முழுசா படிங்க, பெரிய லென்ஸோட கேட்ல போயி செக்யூரிட்டி அண்ணன் கிட்ட வாதாடறது வெட்டி வேல. என்னைய கேட்டா, புதுசா வர்றவங்களுக்கு ப்ரோ-ஆம் புதன்கிழம மாதிரி நல்ல நாளே கிடையாது. ப்ளேயருங்க சிரிச்சு பேசிட்டு இருப்பாங்க, டென்ஷன் இல்ல, நீங்க க்ளிக் பண்ணாலும் யாரும் மொறைக்க மாட்டாங்க. தென்னாப்பிரிக்காவோட ப்ரோ கோல்ஃப் தொடரான சன்ஷைன் டூர்ல சின்ன சின்ன போட்டியும் வருஷம் பூரா நடக்குது, அங்க கூட்டமே இருக்காது, கத்துக்கறதுக்கு அது தான் தோது.

கேமராவும் லென்ஸும்

பயப்படாதீங்க, எல்லாரும் 400 எம்எம் எஃப் 2.8 வச்சுக்கிட்டு வர்றத பாத்து கிட்னிய விக்க வேணாம். 70-200 ஒண்ணு, 100-400 ஒண்ணு இருந்தா மொதல் டோர்னமெண்ட்டுக்கு தாராளம். பகல் ஆட்டம், வெளிச்சம் இருக்கு. 24-70 ஒண்ண பையில போட்டுக்கோங்க, கூட்டமும் கோர்ஸும் எடுக்க. மோனோபாட் எடுத்துக்கோங்க, ட்ரைபாட் வேண்டவே வேணாம், எல்லாரு காலையும் தட்டி விடும்.

இப்ப முக்கியமான சமாச்சாரம், சத்தம். ப்ளேயர் கிளப்ப பின்னாடி தூக்கும்போது ஒரே ஒரு க்ளிக் கேட்டாலும் போச்சு. 2002 ஸ்கின்ஸ் கேம்ங்கற போட்டில டைகர் வுட்ஸ் ஆடிட்டு இருக்கும்போது ஒருத்தர் க்ளிக் பண்ணாருன்னு, டைகரோட கேடி (கிளப் பைய தூக்கிட்டு கூடவே நடக்கறவரு) ஸ்டீவ் வில்லியம்ஸ் அந்த கேமராவ புடுங்கி குளத்துல வீசிட்டாரு. இப்ப யாரும் அந்த அளவுக்கு போவ மாட்டாங்க, ஆனா கையில கட்டின அந்த பாஸ் பேண்ட புடுங்கிட்டு வெளிய அனுப்பிருவாங்க. டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கீங்கன்னா விதி சிம்பிள்: கிளப்பு பந்துல படுற வரைக்கும் விரல எடுங்க. "டக்"குனு அடிச்ச சத்தம் கேட்டப்புறம் அமுக்குங்க.

மிரர்லெஸ்னா சைலண்ட் ஷட்டர் இருக்கே, கவலை என்னன்னு கேப்பீங்க. சத்தம் வராது, சரி தான், ஆனா விலை கம்மியான பாடில எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா சென்ஸார் மேல இருந்து கீழ வரி வரியா படிக்கும், அதுக்குள்ள கிளப்பு எங்கயோ போயிரும், படத்துல கிளப்பு வாழத்தண்டு மாதிரி வளஞ்சு நிக்கும். நிக்கான் இசட் 9, கேனான் ஆர் 3, சோனி ஏ 1 மாதிரி ஸ்டாக்ட் சென்ஸார் (ரொம்ப வேகமா படிக்கற சென்ஸார்) பாடில இந்த தொல்லை ரொம்ப கம்மி, சோனி ஏ 9 மார்க் 3ல க்ளோபல் ஷட்டருங்கறதால, அதாவது எல்லா வரியையும் ஒரே நேரத்துல படிக்கறதால, சுத்தமா கிடையாது. அதெல்லாம் இல்லாதவங்க ஸ்விங்க (கிளப்ப சுத்துறத) விட்டுட்டு அதுக்கு அப்புறம் வர்றத எடுங்க, நஷ்டம் ஒண்ணும் இல்ல.

ஷட்டர் ஸ்பீட் 1/2000க்கு கீழ எறங்காதீங்க, வெளிச்சம் இருந்தா 1/3200, 1/4000ன்னு போங்க. ஏன்னா ஒரு ப்ரோ ப்ளேயர் ட்ரைவர்ங்கற நீள கிளப்பால அடிச்சா பந்து மணிக்கு 270 கிலோமீட்டர் கிட்ட பறக்குது, அதாவது செகண்டுக்கு 75 மீட்டர். செகண்டுக்கு 20 ஃப்ரேம் எடுக்குற கேமராவா இருந்தாலும் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவுல பந்து மூணே முக்கா மீட்டர் தாண்டிரும். அதனால பந்து கிளப்ப விட்டு கெளம்புற அந்த நொடி படத்துல விழுந்துச்சுன்னா அது பாதி அதிர்ஷ்டம் தான், "எனக்கு மட்டும் பந்தே வரல"ன்னு மனச போட்டு ஒழப்பிக்காதீங்க. சிப் ஷாட்ல (கிட்ட இருந்து லேசா தூக்கி அடிக்கறது) பந்து மெதுவா எழும்பும், அதுல ட்ரை பண்ணி பாருங்க, ஈஸியா கெடைக்கும்.

மீதி செட்டிங்ஸ் சீக்கிரம் சொல்லிடறேன். அப்பர்ச்சர் எஃப் 2.8ல இருந்து 5.6 வரைக்கும், ஐஎஸ்ஓ ஆட்டோ, ஃபோகஸ் கண்டினியுவஸ். ஃபோகஸ் பீப்ப ஆஃப் பண்ணுங்க, ஏஎஃப் அசிஸ்ட் லைட்ட ஆஃப் பண்ணுங்க, ஃப்ளாஷ் பத்தி யோசிக்கவே வேணாம். ஃபோன் சைலண்ட். வைப்ரேஷன் கூட வேணாம். பேக்ல ரெயின் கவர் வெல்க்ரோவ "சர்ர்ர்"னு பிரிக்கறது, பாக்கெட்ல சில்லறைய கலகலன்னு ஆட்டறது, சிப்ஸ் பாக்கெட்ட ஒடைக்கறது, இதெல்லாம் ஷட்டர் சத்தத்த விட மோசம்.

ட்ரா ஷீட்ட கையில வச்சு ப்ளான் போடுங்க

முந்தின நாள் சாயங்காலமே அடுத்த நாள் ட்ரா வந்துரும், யாரு எத்தன மணிக்கு எந்த டீல (ஹோலுக்கு மொத அடி அடிக்கற எடம்) இருந்து கெளம்பறாங்கன்னு. பெரிய டோர்னமெண்ட்ல 156 பேரு வரைக்கும் இருப்பாங்க, மொத ரெண்டு நாள் மூணு மூணு பேரா போவாங்க, பாதி பேரு 1ம் ஹோல்ல, பாதி பேரு 10ம் ஹோல்ல ஆரம்பிப்பாங்க. ரெண்டு நாள் முடிஞ்சதும் கட், பொதுவா மொதல் 65 எடமும் அந்த ஸ்கோர்ல டை ஆனவங்களும் தான் சனி, ஞாயிறு ஆடுவாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னா உங்களுக்கு வேண்டிய லோக்கல் பையன் ஒருத்தன் வெள்ளிக்கிழமையோட வீட்டுக்கு போயிரலாம், அதனால அவன வியாழக்கிழமையே எடுத்து வச்சுக்கோங்க. சனிக்கிழம பாத்துக்கலாம்னு இருந்தீங்கன்னா அம்போ தான்.

எல்லாரையும் எடுக்கணும்னு கோர்ஸ் பூரா ஓடுறது புதுசா வர்றவங்க எல்லாரும் செய்றது. வேணாம். ரெண்டு ஸ்டைல் இருக்கு, நாள ரெண்டா பிரிச்சு ரெண்டையும் செய்ங்க. காலைல ஒரு பார் 3 ஹோல் (மூணு அடில முடிக்கற சின்ன ஹோல்) பக்கம் உக்காந்துருங்க, ஒவ்வொரு குரூப்பா வரும், டீ ஷாட், பங்கர் (மணல் குழி), பட்டிங் (குழிக்குள்ள பந்த உருட்டி விடறது) எல்லாம் நீங்க நடக்காமயே கெடைக்கும். மத்தியானம் ஒரே ஒரு குரூப்ப புடிச்சுக்கிட்டு கூடவே நடங்க. 18 ஹோலும் நடந்தா பத்து கிலோமீட்டர் ஈஸியா வந்துரும், டர்பன் வேக்காட்டுல, தோள்ல அஞ்சு கிலோ, அதனால தண்ணி, தொப்பி, சன்ஸ்க்ரீன் எல்லாம் எழுதவே தேவையில்ல, நீங்களே பாத்துக்குவீங்க. ஷூ மட்டும் நல்லா பழகின ஷூவா போடுங்க. பளபளன்னு மஞ்ச, ஆரஞ்சு டீ-ஷர்ட் வேணாம், ப்ளேயர் கண்ணு ஓரத்துல அது ஆடிட்டே இருக்கும்.

கூடவே நடக்கறதுல ஒரு லாபம் என்னன்னா, ஒவ்வொரு ப்ளேயருக்கும் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரொட்டீன் இருக்கு, அது ஹோலுக்கு ஹோல் மாறாது. ஒருத்தரு பந்துக்கு பின்னாடி நின்னு ரெண்டு தடவ சும்மா சுத்துவாரு, க்ளவ்வ இழுத்து விடுவாரு, நாலு அடி நடந்து வருவாரு, ஒரு பார்வ, அடி. மொத டீல இத கவனிச்சு வச்சுக்கிட்டீங்கன்னா அடுத்த 17 ஹோலுக்கும் எப்ப கேமராவ தூக்கணும்னு உங்களுக்கு தெரியும், கை வலிக்க தூக்கிட்டே நிக்க வேண்டியதில்ல.

எங்க நிக்கறது

கயித்துக்கு உள்ள இருந்தா கயித்துல இருந்து ஒரு கை நீட்ற தூரத்துக்குள்ள தான் நடக்கணும், நடு ஃபேர்வேல (டீக்கும் குழிக்கும் நடுவுல இருக்குற வெட்டின புல் பாதை) நடந்தா கூட்டத்த பாத்துக்கற மார்ஷல் கத்துவாரு. அடிக்கற நேரத்துல உக்காருங்க இல்ல முட்டி போடுங்க, பின்னாடி காசு குடுத்து வந்தவங்க நிக்கறாங்க.

ப்ளேயருக்கு நேர் பின்னாடி பந்து போற கோட்டுலயும் நிக்காதீங்க, நேர் முன்னாடியும் நிக்காதீங்க, ரெண்டுமே அவரு கண்ணுல படும், முன்னாடி நின்னா உங்க மண்டையிலயும் படும். வலது கை ஆட்டக்காரருன்னா, அவருக்கு பின்னாடி இருந்து பாக்கும்போது அவரு நெஞ்சு வலது பக்கம் பாத்துருக்கும், அதனால அடிக்கற நொடி வேணும்னா வலது பக்கம். அடிச்சு முடிச்சப்புறம் ஒடம்பு அப்டியே இடது பக்கமா திரும்பிடும், அதனால ஃபினிஷ் வேணும்னா இடது பக்கம் கொஞ்சம் முன்னாடி தள்ளி, நல்லா ஒதுங்கி, கயித்தோரமா. அங்க இருந்து பாத்தா மூஞ்சி முழுசா கெடைக்கும், கிளப்பு தோள்ல சுத்தி இருக்கும், கண்ணு பந்து பின்னாடியே போவும். இடது கைக்காரருன்னா எல்லாம் தலைகீழ்.

பேக்ரவுண்ட பாருங்க. அடிக்கறதுக்கு முன்னாடியே ஃப்ரேம்ல பின்னாடி என்ன இருக்குன்னு பாத்து ரெண்டு அடி தள்ளி நின்னா போதும், மொபைல் டாய்லெட்டும் டெலிவிஷன் வண்டியும் மறைஞ்சு போயி மரமும் நெழலும் வந்துரும். டர்பன் கன்ட்ரி க்ளப்ல இது ரொம்ப வசதி. மணல் மேட்டு மேல கோர்ஸ போட்டதால ஃபேர்வே எல்லாம் ஏறி எறங்கும், ரெண்டு பக்கமும் அடர்த்தியா கடலோர புதர், 3ம் ஹோல் டீ உசரத்துல இருக்கு, அங்க இருந்து கீழ எடுத்தா பள்ளத்தாக்குக்குள்ள அடிக்கற மாதிரி இருக்கும். பக்கத்துலயே மோசஸ் மபிடா ஸ்டேடியம், அந்த வளைவு 106 மீட்டர் உசரம், எங்க இருந்து தெரியுதுன்னு ப்ராக்டிஸ் நாள்லயே நடந்து பாத்து குறிச்சு வச்சுக்கோங்க, டர்பன்னு பாத்த ஒடனே புரியற படத்துக்கு அத விட்டா வேற இல்ல.

பங்கர் ஷாட்ட பத்தி தனியா சொல்லணும். ப்ளேயர் பங்கர்ல எறங்கினா நீங்க க்ரீனுக்கு (குழி இருக்குற வழவழப்பான புல் எடம்) அந்த பக்கம் போயி, பந்து போற கோட்ட விட்டு ஒதுங்கி, தரையோட தரையா படுத்துருங்க, முடிஞ்சா சூரியன் அவருக்கு பின்னாடி இருக்கற மாதிரி. கிளப்பு பந்த தொடாது, பந்துக்கு பின்னாடி மணல்ல தான் எறங்கும், மணல் விசிறி மாதிரி எழும்பி அதுல வெயில் பட்டு ஒவ்வொரு மணலும் தனியா மின்னும், அதுக்கு நடுவுல வெள்ளையா பந்து, அதுக்கு பின்னாடி சுருக்கின கண்ணோட ஒரு மூஞ்சி. ஃபோகஸ முன்னாடியே தொப்பி விளிம்புல பூட்டி வச்சுருங்க, இல்லாட்டி ஏஎஃப் மணல புடிச்சுக்கும், மூஞ்சி மங்கி போயிரும்.

தொப்பின்னு சொன்னதும் ஞாபகம் வருது, நடு மத்தியானம் எல்லாரு மூஞ்சியும் தொப்பி நெழல்ல கருத்து போயிருக்கும். முக்கா ஸ்டாப் ஒரு ஸ்டாப் ஓவர் பண்ணுங்க, வெள்ள சட்ட கொஞ்சம் வெளுத்தா வெளுக்கட்டும். தாழ இருந்து எடுத்தாலும் கொஞ்சம் கண்ணு தெரியும்.

க்ரீன் தான் கஜானா

க்ரீன்ல பட் அடிக்கற கோட்டுக்கு ரெண்டு முனையிலயும் நிக்கக்கூடாது, அசையவும் கூடாது. இங்க பந்த பாக்கறத விடுங்க, வ்யூஃபைண்டர்ல ஆள மட்டும் பாத்துட்டே இருங்க. பட் அடிச்சப்புறம் ப்ளேயர் தலை அசையாது, அப்புறம் மெதுவா தூக்குவாரு, பந்து கூடவே ரெண்டு அடி நடப்பாரு, முட்டி லேசா மடங்கும், வாய் தெறக்கும், இந்த ரெண்டு மூணு செகண்ட்ல தான் எல்லாமே இருக்கு, பந்து உள்ள போச்சுன்னா கை மேல போவும், போகலைன்னா தலைல கை வைப்பாரு. உள்ள போன ஒடனே நிறுத்திடாதீங்க. கேடி என்ன பண்றாரு, கூட ஆடறவரு மூஞ்சி எப்டி மாறுதுன்னு அதையும் எடுங்க.

இந்த ஊருல கோல்ஃப்ல எடுத்த படத்துலயே உலகம் பூரா போன படம் எதுன்னு கேட்டீங்கன்னா அதுல ஸ்விங்கே கிடையாது. 1963ல இதே டர்பன் கன்ட்ரி க்ளப்ல பாப்வா செவ்கோலம் நேட்டால் ஓப்பன ஜெயிச்சாரு. கேடியா இருந்து வந்தவரு, கை ரெண்டையும் மாத்தி புடிச்சு ஆடுவாரு, அதுக்கு முன்னாடியே 1959லயும் 1960லயும் டச்சு ஓப்பன ஜெயிச்சுட்டு வந்தவரு. இந்தியருங்கறதால அபார்தைட் (நிறவெறி) சட்டத்த காட்டி க்ளப்ஹவுஸ் உள்ள விடல, வெளிய மழைல நிக்க வச்சு கோப்பைய குடுத்தாங்க. அங்க இருந்த கேமராக்காரங்க ஆட்டம் முடிஞ்சுதுன்னு மூட்டைய கட்டாம நின்னாங்க, அதனால தான் அந்த படம் நமக்கு இருக்கு. ப்ரைஸ் குடுக்கறப்ப கெளம்பிடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்கு தான். 62 வருஷம் கழிச்சு நாயுடு ஜெயிச்சதும் அதே க்ளப்போட 18ம் க்ரீன்ல தான், அதுவும் மழையால ஆட்டத்த 54 ஹோலா சுருக்கி ப்ளேஆஃப்புக்கு போனது, மழைன்னு சொல்லிட்டு வீட்டுக்கு போனவங்க எல்லாம் டிவில பாத்தாங்க.

மழை, இடி, கொரங்கு

ஹார்ன் சத்தம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஒரே நீள ஹார்ன்னா ஒடனே நிறுத்தறது, இடி மின்னல்னு அர்த்தம், ப்ளேயர் ஒரு ஷாட் கூட அடிக்கக்கூடாது, நீங்களும் கையில இருக்குற மோனோபாட மடக்கிட்டு உள்ள போங்க. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கோடைல மத்தியானம் இடி மழைங்கறது தெனம் நடக்கற கத, அங்க போட்டி எடுக்க போறவங்க இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. மூணு சின்ன ஹார்ன்னா சாதாரண நிறுத்தம், ரெண்டு சின்ன ஹார்ன்னா மறுபடி ஆரம்பம்.

டர்பன்ல இன்னொரு தொல்ல, ஏசி கார்ல இருந்து எறங்கின ஒடனே லென்ஸ்ல மூடுபனி மாதிரி ஈரம் புடிச்சுக்கும், துடைக்க துடைக்க வரும். பார்க்கிங்ல பைய தெறக்காம மூடினபடியே அரை மணி நேரம் விட்டுட்டு அப்புறம் கேமராவ வெளிய எடுங்க. கடல் காத்துல உப்பு இருக்கு, ராத்திரி ஈரத்துணியால பாடிய தொடச்சு வைங்க. அப்புறம் நம்ம வெர்வெட் கொரங்குங்க. பன்னி சௌவ (ரொட்டிக்குள்ள கறி வச்ச நம்ம டர்பன் சாப்பாடு) பை மேல வச்சுட்டு பட்டிங் எடுத்துட்டு திரும்பி பாத்தா கறி ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம் மரத்து மேல போயிட்டு இருக்கும். ஜிப்ப மூடுங்க. ஆனா ப்ளேயருக்கு பின்னாடி கொரங்கு உக்காந்து பாக்கற படம் கெடச்சா விடாதீங்க, எந்த எடிட்டரும் அத வேணாம்னு சொல்ல மாட்டாரு.

பந்து ஆளுங்க பக்கம் வருதுன்னு எச்சரிக்க "ஃபோர்"னு கத்தினா மேல பாக்காதீங்க. குனிஞ்சு ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கோங்க, கேமரா போனா போவுது. பந்து உங்க பை பக்கத்துல வந்து நின்னுச்சுன்னா பந்த தொடாதீங்க, பையையும் நகத்தாதீங்க, ப்ளேயரும் ரெஃப்ரியும் வந்து சொல்றப்ப எடுத்தா போதும்.

வீட்டுக்கு வந்தப்புறம்

அன்னைக்கு ராத்திரியே கார்ட ரெண்டு எடத்துல காப்பி பண்ணுங்க. ஆயிரக்கணக்குல இருக்கும், மொத ரவுண்ட்ல கண்ணு மூடினது, கிளப்பு மூஞ்சிய மறைச்சது, பின்னாடி கம்பம் மண்டைல மொளச்சது எல்லாத்தையும் தூக்கிருங்க. மீதில குரூப்புக்கு மூணு நாலு இருந்தா போதும். பேப்பருக்கு குடுக்கறதா இருந்தா ஆட்டம் நடக்கும்போதே ஃபோன் வழியா நாலு ஜேபெக் அனுப்பிடுங்க, ராத்திரி பத்து மணிக்கு அனுப்பற நல்ல படத்த விட மூணு மணிக்கு போற சுமார் படம் தான் அச்சுல வரும்.

யாரு யாருன்னு தெரியாம முழிக்காம இருக்க ஒரு வழி சொல்றேன், ஒவ்வொரு குரூப்பும் வந்த ஒடனே கேடி மேல போட்ருக்குற பிப்ப ஒரு க்ளிக் எடுத்துக்கோங்க, பெரிய டூர் போட்டில அதுல ப்ளேயர் பேரு இருக்கும். கேப்ஷன்ல பேரு, ஹோல் நம்பர், எந்த ரவுண்ட், தேதி, கோர்ஸ், ஊரு கட்டாயம். பேர உங்க காதுக்கு கேட்ட மாதிரி டைப் பண்ணாம ட்ரா ஷீட்ல இருக்குறத அப்டியே போடுங்க, நாயுடு, பிள்ளை, கோவிந்தர்னு நாம ஊருல எழுதற ஸ்பெல்லிங் வேற, இங்க வீட்டு பேரா எழுதற ஸ்பெல்லிங் வேற. டிக்கெட்ல போயி எடுத்த படம்னா ஃப்ரேம் போட்டு வீட்ல மாட்டுங்க, குரூப்ல போடுங்க, ஆனா விக்கறதுக்கு முன்னாடி அந்த டிக்கெட் கண்டிஷன்ஸ இன்னொரு தடவ பாருங்க, பொதுவா வியாபாரத்துக்கு அனுமதி கிடையாது. அடுத்த வருஷம் அக்ரெடிடேஷனுக்கு அப்ளை பண்ணும்போது இதுல இருந்து நல்லதா பத்து படத்த மட்டும் அனுப்புங்க, அதுல ஸ்விங் ரெண்டுக்கு மேல வேணாம்.